ஆக்சிஜனே இல்லாத பூமி: முதல் 200 கோடி ஆண்டுகள் காற்றில் என்னதான் இருந்தது?

இந்த வரியைப் படிக்கும் நேரத்தில் நீங்கள் ஒரு முறையாவது மூச்சை இழுத்து விட்டிருப்பீர்கள். உள்ளே போன காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன், கிட்டத்தட்ட 21 சதவீதம் ஆக்சிஜன், ஒரு சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக ஆர்கான். கரியமில வாயு 0.04 சதவீதம்தான். நீராவியின் அளவு ஊருக்கு ஊர், நாளுக்கு நாள் மாறும்.

பூமி பிறந்த நாளிலிருந்தே காற்று இப்படித்தான் இருந்தது என்று தோன்றலாம். உண்மையில், பூமியின் வயதான 454 கோடி ஆண்டுகளில் ஏறக்குறைய முதல் பாதி முழுக்க, காற்றில் ஆக்சிஜன் இல்லை என்றே சொல்லலாம். ஒரு டைம் மெஷினில் ஏறி 300 கோடி ஆண்டுகள் பின்னால் போய்க் கதவைத் திறந்தால், சில நிமிடங்களில் கதை முடிந்துவிடும். ஆனால் அதே காற்றுக்கு அடியில், கடலில் உயிர்கள் செழிப்பாக வாழ்ந்துகொண்டிருந்தன.

அப்போ காற்றில் என்ன இருந்தது? யாருமே பார்க்காத காலத்துக் காற்றை இன்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? இந்தக் கேள்விக்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்?

பிளஸ் டூ புத்தகத்தில் வந்த அந்தக் குடுவை

பிளஸ் டூவில் உயிரியல் படித்தவர்களுக்கு, நீட் தேர்வுக்குத் தயாரானவர்களுக்கு ஒரு படம் ஞாபகம் இருக்கும். இரண்டு கண்ணாடிக் குடுவைகள், நடுவில் குழாய்கள், மேலே மின்பொறி. 1953-ல் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில், ஆராய்ச்சி மாணவர் ஸ்டான்லி மில்லர், தன் வழிகாட்டி ஹெரால்டு யூரியின் கீழ் செய்த சோதனை அது.

மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகிய நான்கையும் மூடிய குடுவையில் வைத்து, மின்னலுக்குப் பதிலாக மின்பொறியைப் பாய்ச்சினார் மில்லர். சில நாட்களில் தண்ணீர் நிறம் மாறியது. அதில் கிளைசின், அலனின் போன்ற அமினோ அமிலங்கள் கிடைத்தன. புரதங்களைக் கட்டும் செங்கற்கள் இவை. உயிரில்லாத வாயுக்களிலிருந்து உயிருக்கான மூலப்பொருள் தானாகவே உருவாகும் என்று உலகமே வியந்தது.

அந்த நான்கு வாயுக்களை மில்லர் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை. ரஷ்யாவின் அலெக்சாண்டர் ஓபாரின் 1924-லும், பிரிட்டனின் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1929-லும், ஆதி பூமியின் காற்றில் ஆக்சிஜன் இல்லாததால்தான் உயிருக்கான சேர்மங்கள் உருவாகிக் குவிய முடிந்தது என்று தனித்தனியே எழுதியிருந்தார்கள். (இந்த ஹால்டேன் பிற்காலத்தில் இந்தியாவுக்கே குடிவந்து, இந்தியக் குடிமகனாகி, 1964-ல் புவனேஸ்வரில் காலமானார்.) வியாழன் கிரகத்தின் காற்றில் மீத்தேனும் அம்மோனியாவும் இருப்பது அப்போதே தெரியும். பூமியும் தொடக்கத்தில் அப்படித்தான் இருந்திருக்கும் என்பது யூரியின் கணிப்பு.

ஆக்சிஜன் இல்லை என்ற பாதி சரி. மற்ற பாதியில்தான் சிக்கல் வந்தது.

முதல் காற்று பறந்தே போய்விட்டது

சூரியனைச் சுற்றியிருந்த வாயு, தூசி மேகத்திலிருந்துதான் பூமி உருவானது. அந்த மேகத்தில் பெரும்பங்கு ஹைட்ரஜனும் ஹீலியமும். எனவே பூமியைச் சுற்றி முதலில் ஒரு காற்றுப் போர்வை இருந்திருந்தால், அது இந்த இரண்டாலும் ஆனதாகவே இருந்திருக்கும். இரண்டுமே மிக லேசானவை. பூமியின் ஈர்ப்புவிசை அவற்றைப் பிடித்துவைக்கப் போதாது.

இதற்குச் சாட்சி நியான் வாயு. ஆமாம், கடைவாசலில் ஒளிரும் விளம்பர விளக்குகளில் இருக்கும் அதே நியான்தான். சூரியனில் நைட்ரஜனும் நியானும் ஏறக்குறைய சம அளவில் உள்ளன. பூமியின் காற்றிலோ நைட்ரஜன் 78 சதவீதம், நியான் பத்து லட்சத்தில் 18 பங்கு மட்டுமே. நியான் எதனுடனும் வினைபுரியாது, பாறைக்குள் போய் ஒளிந்துகொள்ளவும் முடியாது. அப்படியென்றால் அந்தப் பழைய மேகத்து வாயு நம்மிடம் தங்கவே இல்லை. இன்று நாம் சுவாசிக்கும் காற்றின் மூலப்பொருள், பாறைகளிலும் விண்கற்களிலும் சேர்மங்களாக அடைபட்டு வந்து, பிறகு வெளியேறியது.

பாறைக்குழம்பு கக்கிய இரண்டாவது காற்று

சுமார் 450 கோடி ஆண்டுகளுக்கு முன், செவ்வாய் அளவுள்ள ஒரு கோள் பூமியில் மோதியது, அந்தச் சிதறலிலிருந்துதான் நிலா உருவானது என்பதே இன்று பெரும்பாலான விஞ்ஞானிகள் ஏற்கும் விளக்கம். மோதலின் வெப்பத்தில் பூமியின் மேற்பரப்பு உருகி, கடல்போலப் பாறைக்குழம்பு பரவிக் கிடந்தது. அந்தக் குழம்பிலிருந்து வெளியேறிய வாயுக்கள்தான் இரண்டாவது காற்று.

அது எப்படி இருந்திருக்கும் என்று சுவிட்சர்லாந்தின் ஈடிஹெச் சூரிக்கைச் சேர்ந்த பாவ்லோ சோஸி குழு 2020-ல் சோதித்துப் பார்த்தது. பூமியின் உட்பாறையைப் போன்ற ஒரு கலவையை 1,900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கி உருக்கி, வாயு வீச்சில் அந்தரத்தில் மிதக்கவிட்டு, பாறைக்குழம்புக்கும் காற்றுக்கும் இடையே நடக்கும் வேதியியலை அளந்தார்கள். பூமி குளிர்ந்து, நீராவி மழையாகக் கொட்டித் தீர்ந்த பிறகு மிஞ்சும் காற்றில் கரியமில வாயு சுமார் 97 சதவீதம், நைட்ரஜன் 3 சதவீதம் என்று கணக்கு வந்தது.

இன்றைய வெள்ளி கிரகத்தின் காற்று ஏறக்குறைய அச்சு அசலாக இதேதான். செவ்வாயின் காற்றிலும் 95 சதவீதம் கரியமில வாயு. பக்கத்து வீடுகள் இரண்டும் அப்படியே இருக்க, பூமி மட்டும் எப்படி மாறியது? கடல்தான் காரணம். கரியமில வாயு மழையிலும் கடலிலும் கரைந்து, பாறைகளோடு வினைபுரிந்து, சுண்ணாம்புக் கல்லாகப் படிந்துவிட்டது. பூமியின் கரியமில வாயு எங்கும் தொலைந்துபோகவில்லை. காலுக்கடியில் கல்லாகப் பூட்டிக் கிடக்கிறது. கடல் இல்லாத வெள்ளியில் அது காற்றிலேயே நின்று, தரையை 460 டிகிரிக்கு மேல் கொதிக்க வைக்கிறது.

மணல் அளவு சாட்சி

சரி, ஆய்வகக் கணக்கு இருக்கட்டும். அந்தக் காலத்துப் பொருள் ஏதாவது கையில் இருக்கிறதா?

இருக்கிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸ் பகுதியில் கிடைக்கும் சிர்கான் படிகங்கள். மணல் துகள் அளவுதான் இருக்கும், ஆனால் அவற்றில் மிகப் பழையவற்றின் வயது சுமார் 440 கோடி ஆண்டுகள். பூமியில் இதுவரை கிடைத்த கனிமங்களில் இவையே மூத்தவை.

சிர்கான் உருவாகும்போது, தன்னைச் சுற்றியுள்ள பாறைக்குழம்பிலிருந்து சீரியம் என்ற தனிமத்தைக் கொஞ்சம் உள்ளே இழுத்துக்கொள்ளும். எவ்வளவு இழுக்கும் என்பது, குழம்பு எந்த அளவுக்கு ஆக்சிஜனேற்றம் அடைந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2011-ல் நியூயார்க் மாநிலத்தின் ரென்செலர் பாலிடெக்னிக் நிறுவன விஞ்ஞானிகள் இதை அளந்து பார்த்தார்கள். அந்த ஆதிகாலப் பாறைக்குழம்பு, இன்றைய எரிமலைகளின் குழம்பைப் போலவே இருந்தது என்பது அவர்களின் முடிவு.

இதில் என்ன பெரிய விஷயம்? குழம்பு ஒரே மாதிரி என்றால், அது கக்கும் வாயுவும் ஒரே மாதிரிதான். இன்றைய எரிமலைகள் கக்குவது முக்கியமாக நீராவி, கரியமில வாயு, கந்தக டை ஆக்சைடு, கொஞ்சம் நைட்ரஜன். மில்லரின் குடுவையில் நிரம்பியிருந்த மீத்தேனும் அம்மோனியாவும் அதில் முக்கியப் பங்கு வகிப்பதில்லை. அதோடு, அம்மோனியா காற்றில் இருந்திருந்தாலும் சூரியனின் புற ஊதாக் கதிர் அதை வேகமாக உடைத்துவிடும் என்ற ஆட்சேபம் 1960-களிலேயே எழுந்திருந்தது.

அப்போ மில்லர் சோதனை வேஸ்ட்டா?

இல்லை. கரியமில வாயுவும் நைட்ரஜனும் கலந்த காற்றில் அதே சோதனையைச் செய்தால் அமினோ அமிலங்கள் மிகக் குறைவாகவே கிடைக்கின்றன என்பது உண்மை. ஆனால் கதை அங்கே முடியவில்லை.

மில்லர் 2007-ல் இறந்தார். 1950-களில் அவர் செய்த, எரிமலையைப் போல நீராவி பீய்ச்சும் இன்னொரு சோதனையின் மிச்சங்கள் சிறு குப்பிகளில் பத்திரமாக இருந்தன. அவருடைய முன்னாள் மாணவர் ஜெஃப்ரி பாடாவும் சகாக்களும் 2008-ல் அவற்றை நவீனக் கருவிகளில் பரிசோதித்தபோது 22 அமினோ அமிலங்கள் கிடைத்தன. காற்று முழுக்க மீத்தேனாக இல்லாவிட்டாலும், எரிமலைகளைச் சுற்றியுள்ள சிறு பகுதிகளில் இந்த வேதியியல் நடந்திருக்கலாம் என்ற வாதம் இதனால் வலுத்தது. அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வு, கரியமில வாயு–நைட்ரஜன் கலவையிலும் தண்ணீரின் அமிலத்தன்மையைக் கட்டுப்படுத்தி, அமினோ அமிலங்களை அழிக்கும் வேதிப்பொருட்களைத் தடுத்தால் விளைச்சல் கணிசமாகக் கூடும் என்று காட்டியது.

இன்னொரு வழியும் பேசப்படுகிறது. இரும்பு நிறைந்த பெரிய விண்கல் ஒன்று மோதினால், அந்த இரும்பு கடல்நீரிலிருந்து ஆக்சிஜனைப் பறித்து ஹைட்ரஜனை விடுவிக்கும். அப்போது மீத்தேனும் அம்மோனியாவும் உருவாகி, காற்று கொஞ்ச காலத்துக்கு மில்லரின் குடுவை போலவே மாறியிருக்கலாம். விண்கற்களே அமினோ அமிலங்களைச் சுமந்து வருகின்றன என்பதும் உறுதியான விஷயம். 1969-ல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த கல்லில் 70-க்கும் மேற்பட்ட வகைகள் கண்டறியப்பட்டுள்ளன.

ஆக, பாடப்புத்தகத்தில் உள்ள சோதனை செல்லும். 'ஆதி பூமியின் காற்று முழுவதும் இப்படித்தான் இருந்தது' என்று அதற்குக் கீழே எழுதும் வரியைத்தான் திருத்த வேண்டும்.

மங்கலான சூரியன், உறையாத கடல்

நட்சத்திரங்கள் வயதாக ஆக அதிகம் ஒளிரும். பூமி பிறந்தபோது சூரியன் இன்றைய ஒளியில் சுமார் 70 சதவீதம்தான் கொடுத்தது. இன்றைய காற்றை வைத்துக் கணக்குப் போட்டால் கடல்கள் உறைந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் காலத்துப் பாறைகள் தண்ணீர் ஓடியதைக் காட்டுகின்றன. 1972-ல் கார்ல் சேகனும் ஜார்ஜ் முல்லனும் இந்த முரண்பாட்டைச் சுட்டிக்காட்டினார்கள்.

பூமிக்கு அப்போது தடிமனான ஒரு கம்பளி தேவைப்பட்டது. இன்று நாம் பயப்படும் பசுமைக்குடில் வாயுக்கள்தான் அந்தக் கம்பளி. 400 கோடி ஆண்டுகளுக்கு முன்பிலிருந்து 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பு வரையிலான ஆர்க்கியன் காலத்தில், கரியமில வாயு இன்றைய அளவைப் போல 10 முதல் 2,500 மடங்கு வரை இருந்திருக்கலாம் என்கின்றன கிடைத்துள்ள தடயங்கள். மீத்தேன் 100 முதல் 10,000 மடங்கு. எரிமலை கொடுக்காத மீத்தேனை அப்போது கொடுத்தவை, ஆக்சிஜன் இல்லாமல் வாழும் நுண்ணுயிர்கள்.

காற்றின் அழுத்தத்தைக்கூட அளந்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவில் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைச் சாம்பலில் விழுந்த மழைத்துளிகளின் தடம் கல்லாகப் பதிந்திருக்கிறது. காற்று அடர்த்தியாக இருந்தால் துளி மெதுவாக விழும், குழியும் சிறிதாக இருக்கும். சஞ்சய் சோம் தலைமையிலான குழு இதை அளந்து, காற்றின் அடர்த்தி இன்றைப்போல இரண்டு மடங்கைத் தாண்டியிருக்காது என்று 2012-ல் சொன்னது. பிறகு ஆஸ்திரேலியாவில் அதே வயதுள்ள எரிமலைக் குழம்பில் உறைந்த குமிழிகளை அளந்து, அழுத்தம் இன்றைய அளவில் பாதிகூட இல்லை என்று 2016-ல் அறிவித்தது.

ஆக்சிஜன் இல்லை என்று எப்படி இவ்வளவு உறுதி?

மூன்று சாட்சிகள்.

முதல் சாட்சி, ஆற்றுக் கூழாங்கற்கள். தங்கச் சுரங்கத்துக்குப் பேர்போன தென்னாப்பிரிக்காவின் விட்வாட்டர்ஸ்ரான்ட் பகுதியில், பழைய ஆற்றுப் படிவுகளில் பைரைட், யுரேனினைட் துகள்கள் உருண்டு தேய்ந்து கிடக்கின்றன. இந்தக் கனிமங்கள் ஆக்சிஜன் பட்டால் சிதைந்து கரைந்துவிடும். ஆற்றில் நெடுந்தூரம் உருண்டும் அவை பிழைத்தன என்றால், காற்றிலும் நீரிலும் ஆக்சிஜன் இல்லை.

இரண்டாவது சாட்சி, இரும்பு. துருப்பிடிக்காத வடிவில் இரும்பு தண்ணீரில் கரையும். ஆக்சிஜன் பட்டால் துருவாகி அடியில் படியும். ஆதிக் கடலில் ஏராளமான இரும்பு கரைந்திருந்தது. அது சிறிது சிறிதாகப் படிந்து, இரும்பும் சிலிக்காவும் மாறி மாறி வரும் அடுக்குப் பாறைகளாயின. உலகின் இரும்புத் தாதுவில் பெரும்பகுதி இவற்றில்தான் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஹேமர்ஸ்லி, கர்நாடகத்தின் குதிரேமுக் மட்டுமல்ல, நம்ம சேலம் கஞ்சமலையின் இரும்புத் தாதுவும் இதே வகைதான். பூமிக்குள் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் பின்னர் உருமாறியிருந்தாலும், அந்தக் கோடுகள் ஆக்சிஜன் இல்லாத கடல் ஒன்றின் கைரேகை.

மூன்றாவது சாட்சி, கந்தகம். இதுதான் வழக்கை முடித்துவைத்தது. கந்தக அணுக்களில் எடை வேறுபட்ட நான்கு நிலையான வகைகள் உண்டு. சாதாரண வேதிவினைகள் இவற்றை எடைக்கு ஏற்ற, கணிக்கக்கூடிய விகிதத்தில் பிரிக்கும். புற ஊதாக் கதிர் நேரடியாகக் கந்தக வாயுவை உடைத்தால் மட்டும் அந்த விகிதம் விசித்திரமாகக் குலையும். இன்று ஓசோன் படலம் அந்தக் கதிரைத் தடுக்கிறது. ஓசோன் உருவாக ஆக்சிஜன் வேண்டும். 2000-ம் ஆண்டில் ஜேம்ஸ் ஃபார்குவரும் சகாக்களும் பழம்பாறைகளைச் சோதித்தபோது, மிகப் பழைய பாறைகளில் அந்தக் குலைந்த விகிதம் தெளிவாகத் தெரிந்தது. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் அது மறையத் தொடங்குகிறது. அதற்கு முந்தைய காற்றில் இன்றைய ஆக்சிஜன் அளவில் ஒரு லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை என்பது இதன் பொருள்.

உலகை மாற்றிய கழிவு

ஆக்சிஜனைக் கொண்டுவந்தது சயனோபாக்டீரியா, அதாவது நீலப்பச்சைப் பாசி. சூரிய ஒளியில் தண்ணீரை உடைத்து உணவு தயாரிக்கும் வித்தையை அது கற்றுக்கொண்டது. ஆக்சிஜன் அதில் மிஞ்சும் கழிவு. தொடக்கத்தில் வெளியான ஆக்சிஜனைக் கடலின் இரும்பும் எரிமலை வாயுக்களும் விழுங்கிக்கொண்டே இருந்தன. அவற்றால் ஈடுகொடுக்க முடியாமல் போனபோதுதான் காற்றில் ஆக்சிஜன் தங்க ஆரம்பித்தது. இதைப் 'பெரும் ஆக்சிஜனேற்ற நிகழ்வு' என்கிறார்கள்.

கேட்க நல்ல செய்திபோல இருக்கும். அன்றைய உயிர்களுக்கு அது விஷவாயுக் கசிவு. ஆக்சிஜனுக்குப் பழகாத நுண்ணுயிர்கள் அதிலிருந்து ஒதுங்க வேண்டியதாயிற்று. மீத்தேனையும் ஆக்சிஜன் தின்றதால் பூமியின் கம்பளி மெலிந்தது. ஏறக்குறைய அதே காலத்தில் உலகைத் தாக்கிய ஹியூரோனியன் பனியுகத்துக்கு இதுவே காரணமாக இருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு.

ஆனாலும் பழைய காற்றின் குடிமக்கள் அழிந்துவிடவில்லை. ஆக்சிஜன் எட்டாத இடங்களில் இன்னும் இருக்கிறார்கள். தண்ணீர் கட்டிய நெல் வயலின் சேற்றில், மாட்டின் இரைப்பையில், சதுப்பு நிலங்களில். அங்கிருந்து வரும் மீத்தேன் அவர்களின் வேலைதான்.

ஆக்சிஜன் ஒரே தாவலில் 21 சதவீதத்துக்கு வந்துவிடவும் இல்லை. நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் குறைந்த அளவிலேயே கிடந்து, சுமார் 80 கோடி முதல் 54 கோடி ஆண்டுகளுக்கு முன் மீண்டும் ஏறியது. அந்தக் காலகட்டத்தில்தான் பெரிய விலங்குகள் தோன்றின.

இது இன்று ஏன் முக்கியம்?

வேறு கிரகங்களில் உயிர் இருக்கிறதா என்று தேடும்போது விஞ்ஞானிகள் முதலில் பார்க்க விரும்புவது அந்தக் கிரகத்தின் காற்றைத்தான். சுமார் 40 ஒளியாண்டு தொலைவில் டிராப்பிஸ்ட்-1 என்ற சிறிய நட்சத்திரத்தைப் பூமி அளவிலான 7 கோள்கள் சுற்றுகின்றன. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி அவற்றை ஆராய்ந்துவருகிறது. மிக அருகில் சுற்றும் இரண்டு கோள்களில் வெள்ளியைப் போன்ற தடித்த காற்று இல்லை என்று 2023-ல் தெரியவந்தது. மற்றவை மீது கண் இருக்கிறது.

அங்கே ஆக்சிஜன் தெரிந்தால் உயிர், தெரியாவிட்டால் இல்லை என்று முடிவு கட்டிவிடலாமா? பூமியின் சொந்த வரலாறு அதை ஏற்காது. ஆஸ்திரேலியாவின் பில்பாராவில் நுண்ணுயிர்கள் கட்டிய ஸ்ட்ரோமடோலைட் படிவங்களின் வயது சுமார் 348 கோடி ஆண்டுகள். ஆக்சிஜன் காற்றில் தங்கியதோ 240 கோடி ஆண்டுகளுக்கு முன். இடைப்பட்ட நூறு கோடி ஆண்டுகளில் வேற்றுலகவாசி யாராவது தொலைநோக்கியில் ஆக்சிஜனை மட்டும் தேடியிருந்தால், 'இந்தக் கிரகத்தில் யாரும் இல்லை' என்று எழுதிவிட்டு அடுத்த கிரகத்துக்குப் போயிருப்பார். இன்னொரு பக்கம், கடலை இழக்கும் ஒரு கிரகத்தில் நீராவி உடைந்து, உயிரே இல்லாமலும் ஆக்சிஜன் சேரலாம்.

அதனால்தான் இப்போது ஒரே வாயுவை நம்பாமல் கூட்டணியைத் தேடுகிறார்கள். கரியமில வாயுவும் மீத்தேனும் சேர்ந்து நிறைய இருந்து, கார்பன் மோனாக்சைடு குறைவாக இருந்தால், அந்த மீத்தேனை யாரோ தொடர்ந்து தயாரிக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். ஆர்க்கியன் காலத்துப் பூமி அப்படித்தான் இருந்தது. தொலைநோக்கிகளுக்கான அந்தத் தேடல் பட்டியலைத் தயாரிக்க உதவியவை, ஒரு மணல் துகள் அளவு சிர்கானும், கல்லில் பதிந்த ஒரு மழையும், பழம்பாறைகளில் தங்கிய கொஞ்சம் கந்தகமும்தான்.